லீவரில் வைத்த கை

சிவப்பு விளக்கு மங்கியது.

மிக்கேல் மட்டும்தான் பார்த்தார்.

ஆட்டோவின் பின்சீட்டில் ஆம்ப்ளிஃபயர். அதன் முகத்தில் கொண்டைக்கடலை அளவுக்கு ஒரு விளக்கு. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் பழுத்த மிளகாய் நிறத்தில் இருந்தது. இப்போது, ஊறப்போட்டு மூன்று நாளான வற்றல்.

கடற்கரைப் பூங்காவின் மேடையில் அவர் மனைவி ரோசலின் பல்லவியை முடித்து மூச்சு வாங்கினாள்.

இன்னும் இரண்டு சரணம் இருந்தது.

கழுத்தில் ஆபரேஷன் ஆகி ஏழு மாதம். குரல் வந்தால் வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வந்தது. ஆனால் அடுப்படியை விட்டு வெளியே வர மறுத்தது. ஒரு காலத்தில் அந்தக் குரல் கோயிலில் எழும்பினால், மணிக்கூண்டில் இருக்கும் புறாக்கள் திருச்செந்தூரில் போய்த்தான் இறங்கும். இப்போது காதோரம் பறக்கும் கொசுவுக்கே, அவள் பாடுகிறாளா பெருமூச்சு விடுகிறாளா என்று சந்தேகம்.

இன்று நடைப்பயிற்சி சங்கத்தின் ஆண்டு விழா. கூப்பிட்டார்கள். ஒரே நிபந்தனையில் ஒப்புக்கொண்டாள்.

"ஒங்க மைக் செட்டுன்னாதான் பாடுவேன். சத்தம் மட்டும் கொறஞ்சுது, அந்த வரியிலயே எறங்கிருவேன். பெறவு வீட்லகூடப் பாடமாட்டேன், பாத்துக்கிடுங்க."

சொன்னால் செய்வாள். அவளோடு முப்பத்தொரு வருஷம் குடித்தனம் நடத்தியவருக்குத் தெரியாதா?

அவர் கவலைப்படவில்லை. ஜவுளிக் கடை, மெத்தைக் கடை, காணாமல்போன ஆடு என்று தூத்துக்குடி முழுக்க அறிவித்துத் தேய்ந்த ஆட்டோ அது. செட்டு ஓடுவது வண்டியின் பாட்டரியில். இன்ஜின் ஓடினால் பாட்டரி நிறையும். நின்றால் வடியும். அவ்வளவுதான் சாஸ்திரம்.

ஆனால் அந்த இன்ஜின் சத்தத்துக்குப் பயந்து, கொழும்புக்குப் போகிற கப்பலெல்லாம் அரை மைல் தள்ளித்தான் போகும்.

விழா தொடங்குமுன்னே முன்வரிசைக்காரர் ஒருவர் காதைப் பொத்திக்கொண்டு எழுந்துவிட்டார்.

"மிக்கேல் அண்ணாச்சி! பாட்டு கேக்க வந்தமா, மாவரைக்க வந்தமா?"

சிரித்தார்கள். மிக்கேல் இன்ஜினை அணைத்தார்.

அதோடு விட்டாரா? பாடப்போவது ரோசலின் ஆயிற்றே என்று அரை மணி நேரம் மைக்கைச் சோதித்தார். முழுச் சத்தத்தில். ஹலோ, ஹலோ என்று தொடங்கி, வாய்ப்பழக்கத்தில், இரண்டு மெத்தை வாங்கினால் ஒரு தலையணை இலவசம் என்று முடித்தார். நாலு பேர் வந்து கடை எங்கே என்று விசாரித்தார்கள்.

பாட்டரியின் பாதி உயிர் அந்தத் தலையணையில் போனது.

முதல் சரணம்.

ஆட்டோவின் தலையில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரில் சத்தம் ஒரு படி இறங்கியது.

அவர் கை தானாக லீவருக்குப் போனது. பழைய வண்டி. சீட்டுக்குப் பக்கத்தில், தரையோரமாக, இரும்பு லீவர். ஓர் இழுப்பு போதும். இன்ஜின் பிடித்துவிடும். பாட்டரி பிழைக்கும். மைக் பிழைக்கும்.

பாட்டு?

இழுத்தால் மாவு மில். இழுக்காவிட்டால் மைக் சாவு. எது நடந்தாலும் அவள் இறங்கிவிடுவாள்.

குழாய் கரகரத்தது. இன்னும் ஒரு படி இறங்கியது.

வேளாங்கண்ணி மாதாவுக்கு மொட்டை போடுவதாக நேர்ந்துகொண்டார். தலையில் முடி போய்ப் பதினைந்து வருஷமாகிறது என்பது அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வரவில்லை.

விளக்கு அணைந்தது.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவள் நிறுத்தப்போகும் வரிக்காகக் காத்திருந்தார்.

அந்த வரி வந்தது.

அடுத்த வரியும் வந்தது.

கண்ணைத் திறந்தார்.

குழாயில் உயிரில்லை. அவள் கண்மூடிப் பாடிக்கொண்டிருந்தாள். மைக் பிடித்த கை மெல்ல இறங்கி இடுப்புக்கு வந்திருந்தது. மறு கை தொடையில் தாளம் போட்டது.

சுண்டல்காரர் சட்டியைத் தட்டுவதை நிறுத்தினார். கடைசி வரிசையில் இருந்தவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னால் வந்து நின்றார்கள். கடல் மரியாதையாக ஓரடி பின்வாங்கியதை மிக்கேல் தம் கண்ணால் பார்த்தார். நீர் வற்றும் நேரம்தானே என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் சண்டைக்குப் போவார்.

மாவரைக்க வந்தமா என்று கேட்டவர் திரும்பிக் குழாயைப் பார்த்தார். பிறகு மிக்கேலைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

மிக்கேல் உதட்டில் விரல் வைத்தார்.

அவர் வாயை மூடிக்கொண்டார்.

மிக்கேலின் இன்னொரு கை லீவரிலேயே இருந்தது. இரும்பு வியர்வையில் நனைந்துவிட்டது. இழுக்கவில்லை.

இரண்டாம் சரணம். அதில் உச்சிக்கு ஏறும் ஓர் இடம் உண்டு. அங்கே குரல் லேசாகப் பிசிறியது. பிசிறிக்கொண்டே ஏறியது.

அந்தப் பூங்காவில் புறா கிடையாது. இருந்திருந்தால் திருச்செந்தூர் வரைக்கும் போயிருக்காது. பக்கத்து முத்தையாபுரத்திலாவது இறங்கியிருக்கும்.

அது போதும் அவருக்கு.

கைதட்டல் ஓய்ந்து ரோசலின் ஆட்டோவுக்கு வந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை. மைக்கை அவர் கையில் கொடுத்தாள்.

"மைக் இருக்கப்போய்த் தப்பிச்சேன்" என்றாள். "ஒங்க செட்டு இன்னைக்கு மானத்தக் காப்பாத்திட்டு."

அவர் பின்சீட்டின் பக்கம் குனிந்தார். அணைந்து கிடந்த விளக்கு அவளுக்குத் தெரியாமல் உடம்பால் மறைத்துக்கொண்டார்.

அவளுக்குக் கேட்கும்படி, டக்கென்று சுவிட்சை அணைத்தார்.