அம்மா வேஷம்

“செத்துப்போன பையன் எங்கேய்யா?”

“டீ குடிக்கப் போயிருக்கான் சார்” என்றான் கேமராமேன்.

“வந்ததும் மீசையைத் துடைச்சிட்டுப் படுக்கச் சொல்லு. அம்மா?”

“வந்தாச்சு. செயலாளர் கார்லயே அனுப்பி வெச்சிருக்கார்.”

டைரக்டருக்குப் போன உயிரில் பாதி திரும்பியது. பத்து நாளைக்கு முன்பு புதுப் பாலம் இடிந்து ஒரு பையன் செத்தான். அன்றிலிருந்து ஊரில் அவன் முகம் ஒட்டாத சுவர் இல்லை. ஆளுங்கட்சி அவனைத் தன் தொண்டன் என்றது. எதிர்க்கட்சி, இல்லவே இல்லை, எங்கள் தொண்டன் என்றது. எதிர்க்கட்சி எடுக்கும் இரண்டு நிமிடத் தேர்தல் படம் சாயங்காலம் ஆறு மணிக்கு டிவியில் ஓடியாக வேண்டும். ஓடினால் கட்சியின் அடுத்த பத்துப் படமும் டைரக்டருக்குத்தான். ஓடாவிட்டால் பழையபடி கல்யாண வீடியோ. இப்போதே மணி மூன்று.

அம்மா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். சாயம் போன புடவை. முகத்தில் பவுடர்கூட இல்லை. கேரக்டருக்கு அச்சு அசல்.

“அம்மாவா எத்தனை வருஷம் அனுபவம்?” என்றார் டைரக்டர்.

“இருபத்திரண்டு வருஷம் தம்பி.”

“சீனியர் சார்” என்று கேமராமேன் காதைக் கடித்தான்.

“நான் சொல்றபடி செய்வீங்கல்ல?”

“டைரக்டர் சொல்றபடி செய்யுங்கன்னு சொல்லித்தான் அனுப்பினாங்க.”

“தங்கம். இப்ப போன் அடிக்குது, எடுக்கிறீங்க. பையன் போயிட்டான்னு சொல்றாங்க. நெஞ்சுல அடிச்சுக்கிட்டு விழறீங்க. ‘என் பிள்ளையைத் தின்ன பாலமே, உன்னைக் கட்டின ஆட்சியைக் கவிழ்க்காம ஓயமாட்டேன்’, அவ்வளவுதான் வசனம். அழுகை தெளிவா இருக்கணும். விழும்போது மட்டும் இடது பக்கமா விழுங்க. வலது பக்கம் கட்சிச் சின்னம் இருக்கு.”

அவள் போனை எடுத்தாள். கேட்டாள். “சரி” என்றாள். பிறகு, “சாப்பிட்டானா?” என்றாள்.

கேமராமேன் குலுங்கிச் சிரித்ததில் கேமராவும் சேர்ந்து குலுங்கியது.

“கட். செத்தவன் சாப்பிட்டானான்னு யாராவது கேப்பாங்களாம்மா?”

“வாய்ல அதுதான் வந்துச்சு.”

“பாலம் எங்கே? ஆட்சி எங்கே?”

“அந்த நேரத்துல பாலமா தம்பி ஞாபகத்துக்கு வரும்?”

“வராதுதான். அதனாலதான் எழுதிக் குடுத்திருக்கோம்.”

இரண்டாவது டேக்கில் போனை வைத்துவிட்டு, கொடியில் கிடந்த சட்டையை உதறி மடித்தாள். மூன்றாவதில் எழுந்துபோய் அடுப்பை அணைத்தாள். அடுப்பு வசனத்திலும் இல்லை, செட்டிலும் இல்லை.

டைரக்டர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

“கோவிச்சுக்காதீங்கம்மா. நல்லாத்தான் பண்றீங்க. ஆனா பெத்த வயிறு எப்படிப் பத்தி எரியும்னு உங்க முகத்துல வரவே மாட்டேங்குது. டீச்சர், நர்ஸ் மாதிரி ஏதாவது வந்தா சொல்லி அனுப்பறேன்.”

“அப்ப நான் கிளம்பலாமா?”

“தாராளமா.”

பஸ் ஸ்டாப் எந்தப் பக்கம் என்று டைரக்டரே வாசல்வரை வந்து கை காட்டினார்.

கால் மணி நேரம் கழித்துக் கட்சிச் செயலாளர் வியர்க்க விறுவிறுக்க உள்ளே வந்தார். பின்னாலேயே ஒரு பெண்மணி, கேமராவே ஓடாதபோதும் மூக்கைச் சிந்தியபடி.

“நாடகக் கம்பெனியில இருந்து கையோட கூட்டிட்டு வந்துட்டேன். இவங்க அழுதா சுவரும் சேர்ந்து அழும்” என்றவர் ஒரு தாளை நீட்டினார். “முதல்ல இந்த அனுமதிக் கடிதத்தை முடிப்போம். பையனைப் பெத்தவங்க கையெழுத்து இல்லாம டிவிக்காரன் படத்தைத் தொடமாட்டானாம். மத்தியானமே என் கார்ல அனுப்பி வெச்சேனே, அவங்க எங்கே?”