இடது தோள்

பழைய ராணுவத் துப்பாக்கிகளைச் சேர்ப்பதும் சுடுவதும்தான் அமலதாஸுக்கு உயிர். அவற்றில் ஒருமுறை சுட்டால், அடுத்த தோட்டாவைக் கையால்தான் போட வேண்டும். அந்த நிதானம் அவருக்குப் பிடிக்கும். வலக்கண் பார்வை போனதும் மனைவி ரெஜினா, “எல்லாத்தையும் கொடுத்துடலாங்க” என்றாள்.

“இடது கண் இருக்குல்ல?” என்றார்.

கண் மாறியதால் தோளும் மாறியது. துப்பாக்கி உதைத்து உதைத்து இடது தோள் கன்றிப்போனது. அன்றும் சுடும் மைதானத்தில், தூரத்தில் நட்டிருந்த இலக்கு அட்டையில் ஒரு ஓட்டைகூட விழவில்லை. கூட வந்தவர்கள் கிளம்பிவிட்டார்கள். அவர் துப்பாக்கியைத் திறந்து காலித் தோட்டாவை வெளியே தள்ளினார்.

பக்கத்தில் தோட்டாப் பெட்டியோடு உட்கார்ந்திருந்த ரெஜினா பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்கவேயில்லை.

“மண்ணு அட்டைக்குக் கீழதான் தெறிக்குது. கொஞ்சம் மேல பிடிங்க.”

சொல்லிக்கொண்டே பெட்டிக்குள் கைவிட்டு, ஒரு தோட்டாவை எடுத்து அவரிடம் நீட்டினாள்.