பீரோவுக்குப் பின்னால் ஒரு துண்டு

"எத்தனை நாளா இப்படி, பெரியவரே?" என்று கேட்டாள் டாக்டரம்மா.

எனக்கு எப்படித் தெரியும்? மகன் முகத்தைப் பார்த்தேன். அவன் சுவரில் மாட்டியிருந்த குடல் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

டாக்டர்களை நான் நம்புவதில்லை. வயிற்று வலி என்று போனால் நாக்கை நீட்டச் சொல்கிற கூட்டம். லாரி ஓட்டிய காலம் முழுக்க ஒரு மாத்திரை விழுங்கியவனில்லை நான். என்னைப் போய் மகன் காருக்குள் திணித்துக் கொண்டுவந்துவிட்டான்.

காரணம் ஒரு துண்டு.

பீரோவுக்குப் பின்னால் சுருட்டிச் செருகியிருந்ததை மருமகள் குச்சியால் இழுத்துப் போட்டாள். விரித்தவள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினாள். பீ. பாதி காய்ந்தது, பாதி காயாதது.

துண்டு என்னுடையது. ஓரத்தில் பீடி சுட்ட ஓட்டைகூட இருக்கிறது. இல்லையென்று சொல்ல முடியுமா?

அந்த அறையில் படுப்பது நானும் பேத்தியும். கிழவன் ஒருவன் இருக்கும்போது வேறு யாரைப் பார்ப்பார்கள்? நான் வாயைத் திறக்கவில்லை.

"இப்படியே போனா வீட்டுல வச்சுப் பார்க்க முடியாதுப்பா. நல்ல இல்லமாப் பார்த்துச் சேர்த்துடறேன்" என்றான் மகன், இங்கே வரும்போது வண்டி ஓட்டிக்கொண்டே.

நல்ல இல்லமாம். கிழட்டு மாட்டை விற்கிறவனும் நல்ல இடமாகப் பார்த்துத்தான் விற்கிறான்.

பின்சீட்டில் பேத்தி. பத்து வயது. வீட்டில் வாலு என்றுதான் கூப்பிடுவோம். நானும் வருவேன் என்று அடம்பிடித்து ஏறியவள், வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. டாக்டர் அறையில் என் நாற்காலியை ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"வயிறு வலிக்குமா?"

"எனக்கா? கல்லைத் தின்னாலும்..." என்று ஆரம்பித்தேன்.

"வலிக்கும்" என்றாள் வாலு. "சாயங்காலமானா தாத்தாவுக்கு ரொம்ப வலிக்கும்."

"பசி எடுக்குமா?"

நேற்று இரவு நான் மறுபடி மறுபடி தட்டை நீட்டியதை வீடே பார்த்தது.

"தாத்தாவுக்குப் பசிக்கவே பசிக்காது."

"கசியறப்போ தெரியுமா?"

"தெரியாது டாக்டர். வாடை வந்தப்புறந்தான் தாத்தாவுக்கே தெரியும்."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தாள். அந்த நேரம் பார்த்து மகனுக்குப் போன் வந்தது. வெளியே போனான்.

அவள் நாற்காலியை எங்கள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். என்னிடம்தான் பேசினாள், சத்தியமாக என்னிடம்தான். கண் மட்டும் ஒரு முழம் தள்ளி இருந்தது.

"பெரியவரே, மலத்தை அடக்கி அடக்கி வச்சா உள்ளே கல்லு மாதிரி இறுகிடும். அதைச் சுத்தித் தண்ணியாக் கசியும். கசியறது தெரியவே தெரியாது. இது சோம்பேறித்தனம் இல்ல, அழுக்குப் பழக்கமும் இல்ல. உங்க மேல தப்பே இல்ல. மருந்து குடிச்சிட்டு, சாப்பிட்டதும் காலுக்கு ஒரு பலகை போட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்தா சரியாயிடும். என்ன, சில மாசம் ஆகும்."

அடைத்துக்கொண்டது எப்படி ஒழுகும்? எனக்கு நம்பத் தோன்றவில்லை. ஆனால் வாலு விடாமல் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

"ஆமா, எதுக்கு அடக்கறீங்க?"

நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"சரி, இதையாவது சொல்லுங்க. உங்க பள்ளிக்கூடத்துல கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கா?"

நான் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவந்தபோது எனக்குப் பால்பல்கூட விழவில்லை. அங்கே கக்கூஸே கிடையாது.

"இல்ல" என்றாள் வாலு. "தள்ளித் திறந்துட்டுச் சிரிப்பாங்க."

கதவு திறந்தது. போனைப் பைக்குள் போட்டுக்கொண்டே மகன் வந்தான்.

"என்ன டாக்டர், அப்பாவை வீட்டுல வச்சுக்கலாமா, இல்ல..."

டாக்டரம்மா மூடி வைத்த பேனாவை மறுபடி எடுத்தாள்.

வாலு என் சுண்டுவிரலைப் பிடித்தாள். இரும்புப் பிடி.

"அப்பா, துண்டு மட்டுந்தான் தாத்தாவோடது."