வேலம்மாவின் கினிப் பன்றி

"கம்பளியிலயா படுக்க வைக்கிறீங்க?" என்று கேட்டான் திருமாறன்.

"ஆமா தம்பி. தினமும் துவைச்சுக் காயப்போட்டுருறேன்" என்றாள் வேலம்மா.

திருமாறனுக்கு அந்தப் பதில் போதவில்லை. திரிங்காப் மலைச் சாலையோரத்தில் அவனுக்குக் காய்கறிக் கடை. கடைக்குப் பின்னால் சரிவில் தோட்டம். கடையின் ஓரத்துக் கூண்டில் அவன் மகள் மூன்று கினிப் பன்றிகள் வளர்த்தாள். அவற்றுக்கு என்ன படுக்கை ஆகும், எது ஆகாது என்பதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்பது அவன் எண்ணம்.

"கம்பளி பரவால்ல. ஆனா அடியில ஈரம் நின்னா கால் புண்ணாயிரும்க்கா. பழைய பேப்பரப் போட்டு, அதுக்கு மேல காஞ்ச புல்லப் போடுங்க. பலகக் கடை மரத்தூள் மட்டும் வேணாம். அந்தத் தூசி நெஞ்சுல எறங்கிரும்."

"போடல தம்பி."

"ரோட்டோரத்துப் புல்லும் வேணாம். களைமருந்து அடிச்சிருப்பான்."

வேலம்மா தலையாட்டினாள். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். இரண்டு மாதமாக ஞாயிறுதோறும் பஸ் பிடித்து இந்தக் கடைக்கு வந்துகொண்டிருந்தாள். முதல் நாள், மகளின் கூண்டுக்குத் திருமாறன் இலை பொறுக்கிப் போடுவதை வெகுநேரம் நின்று பார்த்தாள். பிறகுதான், தன் வீட்டிலும் ஒரு கினிப் பன்றி உடம்புக்கு முடியாமல் கிடக்கிறது, அதற்குப் பூச்சிமருந்து படாத இலையாக வேண்டும் என்று கேட்டாள்.

கோலாலம்பூர் கார் ஒன்று வந்து நின்றது. இறங்கிய பெண் கூடையிலிருந்து ஒரு சாலட் இலைக் கட்டைத் தூக்கிப் பார்த்து, "மருந்து அடிச்சதா?" என்றாள்.

"ஒரு சொட்டு கிடையாது மேடம். கழுவாமலே சாப்பிடலாம்."

அவள் நான்கு கட்டு வாங்கிக்கொண்டு போனாள். வேலம்மா அதே கூடைக்குள் கையை விட்டாள்.

"ஐயோ, அத எடுக்காதீங்கக்கா! முந்தாநாள்தான் அடிச்சேன்."

"அந்தம்மா எடுத்துட்டுப் போகுதே?"

"மனுசனுக்கு ஒண்ணும் ஆவாது லா. கினிபிக் சின்ன உடம்பு, தாங்காது. எம்மவளோடது ஒண்ணு இந்த எலையத் தின்னுதான் செத்துச்சு. ஒரு வாரம் அவ என் மூஞ்சியப் பாக்கல."

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், சொந்த வீட்டுச் சமையலுக்கென்று மருந்தே படாத ஒரு பாத்தி வைத்திருந்தான் திருமாறன். வாங்க வருகிறவர்களிடம் அதைப் பற்றி அவன் வாய் திறப்பதில்லை. அங்கே போய் இரண்டு கட்டு இலையும் நான்கு குடைமிளகாயும் பறித்து வந்தான்.

"தினம் ஒரு துண்டு கேப்சிகம் குடுங்க. அதுல இருக்குற வைட்டமின் சி கினிபிக் உடம்புல தானா ஊறாது. ஒரு வாரத்துக்கு இது போதும்ல?"

"இன்னொரு கட்டு குடு தம்பி. இப்பதான் கொஞ்சம் வாயத் தொறக்குது. நல்லாச் சாப்பிட்டாத்தான் பொழைக்கும்னு ஈப்போ டாக்டர் சொல்லிட்டாரு."

ஒரு கினிப் பன்றியை மலையிறங்கி ஈப்போ டவுன் வரைக்கும் தூக்கிப் போகிறவள். திருமாறனுக்கு அவள் மேல் மரியாதை கூடியது.

"மொத்தம் எத்தன வளக்குறீங்க?"

வேலம்மா பையை இறுக்கிக் கட்டினாள். "ரெண்டு பேரு. மார்ச்சுல ஒண்ணு போயிருச்சு."

"அதான் விசயம்! தனியா விட்டா ஏங்கிப் போயிரும்க்கா. தொணைக்கு ஒண்ணு வேணும்."

"நான்தான் இருக்கேனே."

"நீங்க இருந்து என்னா செய்ய? அதோட எனமா இருக்கணும் லா."

வேலம்மா பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. "அது செத்துருச்சாப்பா?" என்று மகள் இரண்டு முறை கேட்டாள். மூன்றாம் முறை கேட்பதற்குள் திருமாறன் லோரியை எடுத்தான்.

பின்னால் ஒரு மூட்டை காய்ந்த புல். தோட்டத்து மேட்டில் தானே அறுத்து, மூன்று நாள் வெயிலில் போட்டது. முன்சீட்டில், ஓட்டை போட்ட அட்டைப்பெட்டிக்குள் ஒரு கினிப் பன்றி. மூன்றில் சாதுவானதை மகளே எடுத்துக் கொடுத்திருந்தாள், கொஞ்சம் அழுதுவிட்டு.

அவள் வேலை செய்யும் தேயிலைத் தோட்டத்தின் லயத்தில், வரிசையாக நின்ற தொழிலாளர் வீடுகளில், கினிப் பன்றி வளர்க்கிற வேலம்மாவின் வீடு எது என்று விசாரித்தான். குழாயடியில் நின்ற பெண் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அதெல்லாம் இங்க யாரும் வளக்கல. வேலம்மா வீடுன்னா அந்தக் கடைசி வீடு."

கதவைத் திறந்த வேலம்மா அவனையும் மூட்டையையும் பெட்டியையும் பார்த்தாள். வழிவிட்டு நின்றாள். "ஈப்போவுலேர்ந்து நேத்துதான் வந்தோம் தம்பி" என்றாள்.

உள்ளே கூண்டு எதுவும் இல்லை. சுவரில் ஓர் ஆணின் படத்துக்கு மாலை போட்டிருந்தது. அதன் கீழே மெத்தையில், தலையில் ஒரு முடிகூட இல்லாமல், பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் தட்டு. தட்டில் குடைமிளகாய்த் துண்டுகள்.

பெட்டிக்குள்ளிருந்து கினிப் பன்றி கீச்சென்று விசிலடித்தது. அந்தப் பெண் மெல்லுவதை நிறுத்திவிட்டுப் பெட்டியைப் பார்த்தாள்.

திருமாறன் மூட்டையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான்.

"என்னாக்கா இது? பிள்ளைக்குன்னு சொல்லியே கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருந்தா, எந்தக் கூடையிலேர்ந்து தம்பி குடுத்திருப்ப?"