ஈர விறகு

“கனமான கட்டையெல்லாம் அடியில போடு பானு. சுள்ளியை இப்பவே செலவழிச்சிராத.”

கோடாலியை ஓங்கியபடியே முனியசாமி சொன்னான். விறகுக் குவியல்மேல் சாய்த்து வைத்திருந்த செல்போனில், ஸ்பீக்கர் இரைச்சலுக்கு நடுவே அவன் தங்கை பானுமதியின் குரல் வந்தது. முதுகுளத்தூர்ப் பக்கம் மூன்று நாளாக விடாத மழை.

“எல்லாம் ஊறிப் போய்க் கிடக்குண்ணே. பாதியில அணைஞ்சிருச்சுன்னா என்ன செய்ய? ஊரே பேசும்.”

“அணையாது. மேல தகரம் இருக்கில்ல?”

“இருக்கு. ஓரத்துல ஒழுகுது.”

“ஒழுகட்டும். பட்டையை உரிச்சிட்டு ரெண்டாப் பிள. வெளியதான் ஈரம், உள்ள காஞ்சிதான் இருக்கும். பொழுது சாயறதுக்குள்ள பத்த வச்சிரணும்.”

அரபு நாடென்றால் வெயில் மட்டும்தான் என்று நினைப்பவர்கள் டிசம்பரில் தபூக் பக்கம் வந்து பார்க்கலாம். தோட்டத்து முதலாளியான கபீலின் வீட்டில் அறைக்கு அறை ஹீட்டர் உண்டு. ஆனாலும் விருந்தாளிகள் உட்காரும் மஜ்லிஸில் அவருக்கு விறகுதான் எரிய வேண்டும், புகையும் வரக் கூடாது. அதற்காகவே குளிர்காலம் முழுக்க முனியசாமிக்கு வேறு டூட்டி கிடையாது. அவன் அடுக்கினால் ஒரே குச்சியில் பற்றும், விடியும்வரை கங்கு கிடக்கும்.

பிக்கப் வண்டியைப் பின்பக்கமாகக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு டிரைவர் வாசு இறங்கினான். கும்பகோணத்துக்காரன். வாய் ஓயாதவன்.

“மக்ரிப் தொழுகைக்கு அப்புறம் கெஸ்ட் வர்றாங்களாம். கபீல் யல்லா யல்லான்னு உயிரை வாங்குறாரு. முடிஞ்சுதா முனியண்ணே?”

“இன்னும் ஒரு பத்துக் கட்டை.”

“காலையில அவரைப் பார்க்கப் போனீங்களாமே, என்ன விஷயம்?”

“ஒண்ணுமில்ல. வாசல்வரைக்கும் போனேன். திரும்பிட்டேன்.”

வாசு பிளாஸ்கிலிருந்து டீயை ஊற்றி நீட்டினான். முனியசாமி வேண்டாமென்று தலையசைத்தான். காலையிலிருந்தே அவனுக்கு விரல்கள் மரத்துக் கிடந்தன. கோடாலிப் பிடி கையில் இருப்பதுகூடத் தெரியவில்லை. ஓங்கினான், கட்டை பிளந்தது, அடுத்ததை நிமிர்த்தி வைத்தான்.

“அண்ணே, மூணு முழத்துக்கு அடுக்கிட்டேன்.” பானுமதிக்கு மூச்சு வாங்கியது. “ஒருத்தனும் கை வைக்க வர மாட்டேங்கிறான். இந்த வேலைக்கு நாங்க எதுக்குன்னு மூஞ்சியைத் திருப்புறாங்கண்ணே.”

“விடு. அவங்ககிட்ட கெஞ்சாத. இன்னும் ஒரு முழம் நீட்டு. தெக்குப் பக்கம் மட்டும் கொஞ்சம் உசத்தி வை. நடுவுல காத்துப் போக வழி விடு, அடைச்சிராத.”

வாசுவுக்குப் புரிந்துவிட்டது. “கோட்டை அடுப்பா! எங்க ஊர்லயும் கல்யாணம்னா கொல்லையில இப்படித்தான் நீளமா வெட்டி வரிசையா அண்டா ஏத்துவாங்க. இந்த மழையில விசேஷத்தை வச்சுக்கிட்டு உங்க தங்கச்சி திண்டாடுது, பாவம். சமையல்காரன் கடைசி நேரத்துல காலை வாரிட்டானாக்கும்?”

முனியசாமி அடுத்த கட்டையின்மேல் கோடாலியை இறக்கினான். பிளந்த விறகை வாசு அள்ளி வண்டியில் போடத் தொடங்கினான்.

“உங்களுக்கு இந்த வேலையெல்லாம் யாருண்ணே கத்துக்கொடுத்தது?”

“எங்கப்பா. ஊர்ல ஒரு வீடு பாக்கியில்லாம எல்லாருக்கும் அவருதான் அடுக்கினாரு. அடைமழையிலயும் அவரு வச்ச தீ அணைஞ்சதில்ல.”

“பெரிய கைதான் போங்க.”

போனில் யாரோ இருமினார்கள். பிறகு பானுமதியின் குரல் மெதுவாக வந்தது.

“ஆச்சுண்ணே. வறட்டியும் வச்சாச்சு. நானேவா பத்த வைக்கணும்?”

முனியசாமியின் கோடாலி அப்போதுதான் முதல்முறையாக நின்றது.

“நீதான்த்தா வைக்கணும். நான்தான் இங்க கிடக்கேனே. காத்து வர்ற பக்கமா வை.”

கொஞ்ச நேரம் தகரத்தில் விழும் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. கை நிறைய விறகோடு வாசுவும் அசையாமல் நின்றான். முன்பின் தெரியாத வீட்டு அடுப்பு பற்ற வேண்டுமே என்று அவனுக்கும் தவிப்பாக இருந்தது.

“பத்திக்கிச்சுண்ணே.” பானுமதி அழுதுவிட்டாள். “நல்லா எரியுது. புகையே இல்லண்ணே.”

“சரி. நனையாம நில்லு.”

போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான் முனியசாமி. மிச்சமிருந்த கட்டைகளையும் பிளந்தான். எண்ணி வைத்தபடி பத்தும் முடிந்த பிறகே கோடாலியைச் சுவரோரம் சாத்தினான்.

“அப்பாடா! பந்தி தப்பிச்சுது” என்றான் வாசு, வண்டியின் பின்கதவைச் சாத்தியபடி. “ஆனாலும் நீங்க செஞ்சது எனக்குப் பிடிக்கலண்ணே. அந்தப் பொண்ணை எதுக்கு மழையில அலைய விட்டீங்க? உங்கப்பாதான் அவ்வளவு கைகாரராச்சே. அவரையே வந்து அடுக்கச் சொல்லியிருக்கலாமில்ல?”

சட்டையில் ஒட்டியிருந்த மரச் சிராய்களை முனியசாமி ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டான்.

“அவரை எரிக்கத்தான் வாசு.”