வெறுந்தீனி வரிசை

நீங்க மட்டும் என்ன பாவம் செஞ்சீங்க என்று இடப்பக்கக் கூண்டுகளைப் பார்த்து அக்கா மனதுக்குள் கேட்டாள். காடைகள் அதைச் சட்டை செய்யாமல் கொத்திக்கொண்டிருந்தன.

வலப்பக்க வரிசைக்கு நிலவேம்பும் துளசியும் மஞ்சளும் பொடித்துக் கலந்த தீனி. இடப்பக்கத்துக்கு வெறுந்தீனி. மூலிகை காடையின் உடம்பைத் தேற்றுகிறதா என்பது தங்கையின் ஆராய்ச்சி. அவளுடைய பட்டம் இதை நம்பித்தான் இருக்கிறது. தீனி வைப்பது அக்காவின் பொறுப்பு.

இன்று எடை பார்க்கும் நாள். தங்கை ஒவ்வொரு காடையையும் துணிப்பைக்குள் விட்டுத் தராசில் வைத்தாள்.

இரண்டு வரிசையும் ஒரே எடை. ஒன்றுகூடச் சுணங்கவில்லை.

தங்கையின் முகம் விழுந்துவிட்டது. இடப்பக்கத்துக் காடை ஒன்றைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினாள். அலகின் ஓரத்தில் மஞ்சள் பொடி.

அடுத்ததிலும் மஞ்சள்.

"ஏன்க்கா, விருந்தா வைக்கிற, எல்லாருக்கும் ஒரே மாதிரி பரிமாற?"

சிரிக்கத்தான் பார்த்தாள். பாதியில் குரல் உடைந்தது.

அக்கா குனிந்து எச்சத் தட்டை இழுத்தாள். இடப்பக்க வரிசைக்கு மூலிகை கொடுக்கக் கூடாது என்று தெரியும். முதலில் கொடுக்கவும் இல்லை. ஒருநாள் அந்த வரிசையில் ஒரு குஞ்சு இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் ஒடுங்கியது. கை தானாக மூலிகைத் தீனி வாளிக்குப் போனது. அப்புறம் கையைக் கட்டிப்போட முடியவில்லை.

தங்கை திட்டியிருந்தால்கூடத் தேவலை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு போய், இரண்டாம் முறைக்கென்று வாங்கி வைத்திருந்த குஞ்சுப் பெட்டிகளைத் திறந்தாள். இரண்டு பெட்டியிலும் ஒரே கீச்சொலி. காகிதத்தைக் கிழித்து இரண்டு சீட்டு மடித்தாள்.

"போனது போகட்டும். இதுவும் பாழானா எனக்குப் பட்டமே இல்ல. நாமளா பாத்துப் பிரிக்கக் கூடாது, அதான் சீட்டு. கண்ண மூடிட்டு ஒண்ணு எடுக்கா. வர்ற பெட்டிக்கு வெறுந்தீனி."

உள்ளங்கையை நீட்டிக்கொண்டு நின்றாள். எதுவும் தெரியாத பிள்ளை. அக்காவும் சொன்னதில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் நடந்த மருந்துச் சோதனையில் அக்காவின் கணவனுக்கும் இப்படித்தான் சீட்டு விழுந்தது. பாதிப் பேருக்குப் புது மருந்து. மீதிப் பேருக்கு, பார்க்க அச்சு அசல் அதேபோல, மருந்தில்லாத மாத்திரை. யாருக்கு எது என்று கொடுக்கிறவர்களுக்கும் தெரியாது. சம்மதித்துத்தான் கையெழுத்துப் போட்டார்கள். அவள் வேளை தவறவிடாமல், வெந்நீரை ஆற்றி, அவன் தலையைத் தாங்கிப் பிடித்து விழுங்க வைத்தாள்.

விழுங்கியது எது என்று, அவன் போன பிறகு சொன்னார்கள்.

அவள் தங்கையின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, சீட்டுகளை மூடினாள்.

"என்னால முடியாதும்மா."