ஃப்ரிட்ஜைத் திறப்பது யார்?

பாட்டிலின் மூடியைத் திறந்து முகர்ந்ததும் தீபலட்சுமிக்கு அழுகை வந்தது.

"இன்னைக்கும் புளிச்ச வாடை."

"நானும் பாத்தேம்மா," என்றார் மாமனார் சுந்தரமூர்த்தி, பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல். "பால் பவுடரைக் கலக்கிக் குடுத்துட்டேன். குடிச்சான்."

காலையில் வேலைக்குக் கிளம்பும் முன், குழந்தைக்காக அவள் பீய்ச்சி எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் போன தாய்ப்பால் அது. அப்படியே வாஷ்பேசினில் கொட்டினாள்.

பிரசவ விடுப்பு முடிந்து, ஆம்பூர் ஷூ கம்பெனியின் தையல் பிரிவுக்கு அவள் திரும்பிப் போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. மாமியார் இல்லாத வீடு. பகலில் குழந்தையோடு மாமனார் மட்டும்தான்.

"ஃப்ரிட்ஜ் பழசும்மா. மாத்திடலாமா?" என்றார் அவர்.

தெரிந்ததையெல்லாம் அவள் செய்து பார்த்துவிட்டாள். உள்ளே இருக்கும் குமிழை முழுக் குளிருக்குத் திருப்பினாள். ஃப்ரிட்ஜைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நகர்த்தினாள். மாவுத் தூக்கு, தக்காளிப் பை, போன வாரத்துக் குழம்பு எல்லாவற்றையும் வெளியே எடுத்து, காற்று சுற்ற இடம் விட்டாள். அப்படியும் பால் கெட்டுக்கொண்டுதான் இருந்தது.

"இப்படியே போனா நான் வேலைய விட்டுட வேண்டியதுதான்."

மாமனார் பேப்பரை மடித்து வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் சமீருல்லா வந்தார். மாமனார் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கடைத்தெருப் பக்கம் போயிருந்தார்.

சமீருல்லா ஃப்ரிட்ஜின் பின்னால் குனிந்து காது கொடுத்துக் கேட்டார். கதவிடுக்கில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்தார். காகிதம் கிழிந்தது.

"ரப்பர் நல்லாத்தான் புடிக்குது. கம்ப்ரஸர் ஓடுது. கேஸும் கம்மி இல்ல."

"அப்புறம் இன்னா பாய் கோளாறு?"

"ஃப்ரிட்ஜுக்கு ஒண்ணும் இல்லம்மா. வீட்ல இருக்கறவங்களுக்குத்தான்." ஃப்ரீஸரைத் திறந்து காட்டினார். "ஐஸ் பாருங்க, இன்னா கனம்! வெளிக்காத்து உள்ள பூந்தாத்தான் இப்படிக் கட்டும். யாரோ ரொம்ப நேரம் கதவத் தொறந்து வெக்கிறாங்க. இது இன்னா பீரோவா, எந்தப் பொடவைய எடுக்கலாம்னு நின்னு யோசிக்க?"

"நானும் எங்க வீட்டுக்காரரும் காலையில போனா சாயங்காலம்தான் வர்றோம்."

"அப்ப மத்தவங்களைக் கேளுங்க."

மற்றவர் என்று அந்த வீட்டில் ஒருவர்தான்.

சமீருல்லா போனதும், பக்கத்தில் நின்றிருந்த கணவன் ஹேமந்திடம் திரும்பினாள். "கேட்டீங்க இல்ல?"

"அப்பாவா? அவரு எதுக்கு தீபா அப்படிப் பண்ணப் போறாரு?"

"எதுக்கா? நான் வேலைக்குக் கெளம்பின மொத நாளு இன்னா சொன்னாரு? 'பவுடர் போதாதா, எதுக்கு இந்த பேஜாரு'ன்னாரா இல்லியா? பால் கெட்டா நான் வேலையிலருந்து நின்னுடுவேன். அதான் அவரு நெனப்பு."

"கேட்டே பாத்துடலாமே."

"கேட்டா இல்லம்பாரு. நான் நேர்ல புடிக்கிறேன்."

சந்தேகம் வந்த பிறகு எல்லாமே அதற்குச் சாட்சி சொல்ல ஆரம்பித்தன. அவர் அதிகம் பேசாததும், பேப்பரை மடிப்பதும்கூட.

மறுநாள் மதியம் சூப்பர்வைசரிடம் பர்மிஷன் கேட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். தெருவில் ஆள் நடமாட்டமே இல்லை. நாய்கூட நிழலை விட்டு நகரவில்லை.

வாசலுக்குப் போகாமல், பக்கத்துச் சந்தில் நுழைந்து சமையலறை ஜன்னலருகே நின்றாள். தகரக் கூரை காய்ந்து, உள்ளிருந்து அனல் முகத்தில் அடித்தது.

ஃப்ரிட்ஜின் கதவு அகலத் திறந்து கிடந்தது. கதவு மறைத்தது போக, அதற்குக் கீழே முக்காலியில் உட்கார்ந்திருப்பவரின் கால்கள் மட்டும் தெரிந்தன.

அகப்பட்டுக்கொண்டார். ஆனாலும், அவர் வாயாலேயே ஒரு பொய் வரட்டும் என்று நினைத்தாள். நின்ற இடத்திலிருந்தே போன் செய்தாள்.

"மாமா, இன்னா பண்றீங்க?"

"சும்மாத்தாம்மா குந்திகினு இருக்கேன்."

"குழந்தை?"

"தூங்குறான். காலையிலருந்து அழவே இல்ல. ஒரு தொல்லையும் இல்லம்மா. நீ வேலையப் பாரு."

போனை மேடையில் வைப்பதற்காக அவர் எழுந்து திரும்பினார். அப்போதுதான் அவர் இடுப்பில் இருந்த குழந்தை தெரிந்தது. சட்டையில்லாத உடம்பு, கழுத்திலும் முதுகிலும் செக்கச் செவேலென்று வேர்க்குரு. குளிரை விட்டு விலகிய அடுத்த நொடி அது வீறிட்டு அழுதது.

சுந்தரமூர்த்தி அவசரமாக மறுபடி உட்கார்ந்தார். குழந்தையின் முதுகைத் திறந்திருந்த ஃப்ரிட்ஜின் பக்கம் திருப்பிப் பிடித்தார். அழுகை மெல்ல நின்றது.

"கத்தாதடா கண்ணு," என்றார், அதன் முதுகில் ஊதியபடி. "நீ மத்தியானம் பூரா இப்படிக் கத்துறன்னு தெரிஞ்சா, உங்கம்மா வேலைய உட்டுட்டு வந்து குந்திக்குவாடா. அப்புறம் எவன் அவளைத் திரும்பக் கூப்புடுவான்?"